ரஹமத் பீவி படுக்கவில்லை

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற சாலையில் ரஹமத் பீவியின் பஜ்ஜிக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கடை என்றால் பெரிய கடை அல்ல. தகரக் கூரை, ஒரு அடுப்பு, அகலமான வாணலி, முன்னால் ஒரு பலகை. ஆனால் சனி ஞாயிறுகளில் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. ரஹமத் பீவி வாணலிக்கு எதிரே நின்றபடி மிளகாயை மாவில் முக்குவாள், எண்ணெயில் விடுவாள், அதற்கிடையில் பேரம் பேசுகிறவனை வாயாலேயே விரட்டுவாள். அவளுடைய வாய்க்குப் பயந்தே அந்த வரிசையில் யாரும் முண்டியடிப்பதில்லை என்று அவள் புருஷன் உசேன் சொல்வார்.

வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொள்வாள், மற்றபடி அதை ஒரு வியாதியாக மதிப்பதில்லை. பாதம் மரத்துப்போக ஆரம்பித்தபோதுகூட, இந்தக் குளிரில் யாருக்குத்தான் கால் மரக்காது என்று விட்டுவிட்டாள்.

அந்த நினைப்புதான் மோசம் செய்தது. தை மாதக் கடைசியில் ஒரு நாள், கடைக்கு வந்த மிளகாய்ப் பெட்டியிலிருந்து கழன்று விழுந்த ஆணி அவளுடைய ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது பாதத்தில் ஏறியது. இரண்டாவது விரலுக்கு நேர் கீழே. அவளுக்குத் தெரியவே இல்லை. நாள் முழுக்க அதன்மேல் நின்று பஜ்ஜி போட்டாள். சாயங்காலம் வீட்டுக்குள் அவள் நடந்த இடமெல்லாம் சிவப்பாகத் தடம் பதிந்திருப்பதைப் பார்த்து உசேன்தான் பதறினார். அவர் குறடால் ஆணியைப் பிடுங்கியபோது, வேறு யாருடைய காலையோ வேடிக்கை பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். வலிக்காததுதான் வினையாயிற்று. மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளே கடைக்குப் போனாள். புண் ஆறுவதற்குப் பதில் உள்ளுக்குள் குழிந்துகொண்டே போனது. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிற்று. உசேன் அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. ஒரு நாள் காலையில் கடையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

சேலத்தில் டாக்டர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கெண்டைக்கால்வரை வருகிற, உள்ளே மெத்தை வைத்த பெரிய பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார். கட்டிலைவிட்டு இறங்கினால் அது காலில் இருக்க வேண்டும், அடுப்புக்கு முன்னால் நிற்பதை மறந்துவிட வேண்டும் என்றார். பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே ஆஷ்லின் என்ற பெண் இருந்தாள். பிசியோதெரபி படித்தவள். ஒல்லியாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருந்தாலும் பேச்சில் ஒரு பிடி இருந்தது. புண் இருக்கிற பாதத்தில் உடம்பின் பாரம் இறங்கக் கூடாது, ஆனால் அதற்காகக் காலை மரக்கட்டைபோலப் போட்டுவைத்தாலும் கெடுதல் என்று அவள் விளக்கினாள். சும்மா கிடந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகும், கெண்டைச் சதை கரையும், கணுக்கால் பூட்டிக்கொள்ளும், சர்க்கரையும் ஏறும். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் பயிற்சிகள் சில இருக்கின்றன. மலையிலிருந்து அடிக்கடி இறங்கிவர முடியாதவர்களுக்குச் செல்போனில் வீடியோ போட்டு, தானே எதிரே இருந்து பார்த்துக்கொண்டு செய்யவைப்பதாகச் சொன்னாள்.

இதைச் செய்தால் புண் ஆறிவிடுமா என்று ரஹமத் பீவி கேட்டாள். சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள் ஆஷ்லின். சீக்கிரம் ஆற உதவும் என்றுதான் நம்புகிறோம், ஆனால் புண் ஆறி எழுந்து நிற்கும்போது நிற்பதற்கு ஒரு கால் இருக்கும், அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன் என்றாள். பொய் சொல்லாத அந்தப் பதில் ரஹமத் பீவிக்குப் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்குத் திரும்பியபோது உசேனின் அக்கா ஜமீலா வந்திருந்தாள். சேலம் கோட்டைப் பக்கம் தனியாக இருப்பவள். தம்பி பெண்டாட்டிக்குக் காலில் புண் என்று கேள்விப்பட்டவுடன் துணிமூட்டையோடு மலை ஏறிவிட்டாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய புருஷனுக்கும் இதே வியாதிதான், இதே மாதிரிப் புண்தான். காலை ஊன்றாதே என்று சொன்னதைக் கேட்காமல் லாரி ஷெட்டுக்கு நடந்து நடந்து, முதலில் பாதம் போயிற்று, பிறகு முழங்கால்வரை போயிற்று, ஒரு வருஷத்துக்குள் மனிதரே போய்விட்டார். அதனால் ஜமீலாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். படு. அசையாதே.

ரஹமத் பீவியும் முதலில் படுத்துத்தான் பார்த்தாள். ஜமீலா கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள், தலைவாரிவிட்டாள், காலுக்குக் கீழே இரண்டு தலையணையை அடுக்கினாள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் போனில் பயிற்சி என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. புண்ணுள்ள காலை ஆட்டச் சொல்வது எந்த ஊர் வைத்தியம் என்றாள். வீடும் அவள் பக்கமே நின்றது. கடைவீதிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிற வீடு. போனில் பேச்சே விட்டு விட்டுத்தான் கேட்கும், வீடியோ எடுபடாது. ஆஷ்லின் கூப்பிடுவாள், முகம் அரைகுறையாக வந்து அப்படியே உறைந்து நிற்கும், அறுந்துவிடும். அல்லாவே வேண்டாம் என்கிறான் என்று ஜமீலா திருப்தியாகச் சொல்வாள்.

கொஞ்ச நாளில் ரஹமத் பீவிக்குத் தன் உடம்பே அந்நியமாகிவிட்டது. கெண்டைக்காலைத் தொட்டால் ஊறவைத்த துணிபோலக் கொழகொழவென்று இருந்தது. கழிவறைக்குப் போக எழுந்தால் நல்ல காலும் சேர்ந்து நடுங்கியது. எல்லாவற்றையும்விட வீட்டுக்கு வருகிறவர்கள் பேசிய பேச்சுதான் அவளைச் சுட்டது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவள் அங்கே இல்லாததுபோல, பாவம் எப்படி இருந்த மனுஷி என்றார்கள். கடையை யாருக்காவது கைமாற்றிவிடலாமே என்று ஒருவர் உசேனிடம் யோசனை சொன்னார். உசேன் அதை மறுக்காததை அவள் கவனித்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ஆஷ்லின் வீடியோ இல்லாமல் வெறும் குரலில் கூப்பிட்டாள். வீட்டில் சிக்னல் இல்லையென்றால் சிக்னல் இருக்கிற வேறு இடம் எதுவும் இல்லையா என்று கேட்டாள். ரஹமத் பீவி போனை வைத்துவிட்டுப் பூட்ஸை இழுத்து மாட்டினாள்.

"ஏனுங்க, வண்டிய எடுங்க. கடைக்குப் போகலாம்" என்றாள்.

ஜமீலா வாசலை மறித்துக்கொண்டாள். "எங்க போற ரஹமத்து? டாக்டர் நிக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லியா?"

"நிக்கப் போகலக்கா. உக்காரத்தான் போறேன். என்ற கடையில நாலு கோடு சிக்னல் இருக்குது."

உசேன் அக்காவையும் பார்த்தார், பெண்டாட்டியையும் பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அப்படித்தான் அந்தப் பயிற்சி நடுரோட்டுக்கு வந்தது. கடைக்குள் ஒரு நாற்காலி, எதிரே கவிழ்த்துப் போட்ட மிளகாய்ப் பெட்டி, பெட்டிமேல் தலையணை. பூட்ஸைக் கழற்றி, கட்டுப் போட்ட காலை அந்தத் தலையணைமேல் நீட்டிக்கொள்வாள். கடலைமாவு டின்னில் சாய்த்து வைத்த போனில் ஆஷ்லின் வந்துவிடுவாள். முதலில் கட்டைக் காட்ட வேண்டும். ஈரம் இருக்கிறதா, சுற்றிலும் சிவந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, இன்றைய சர்க்கரை என்ன, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். பாதத்தை முன்னால் தள்ளு, பின்னால் இழு. கணுக்காலை வட்டமாகச் சுற்று. முழங்காலை நீட்டிப் பிடி. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையால் அழுத்து. மூச்சை அடக்காதே. பார்த்தால் பிள்ளை விளையாட்டுபோல இருக்கும். முதல் நாள் முடிந்தபோது ரஹமத் பீவியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏரிக்கு வந்த கூட்டம் பஜ்ஜியைக் கேட்டுவிட்டு, உள்ளே ஒரு பொம்பளை போனுக்கு எதிரே காலை ஆட்டுவதைப் பார்த்து நின்றது. சில பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். ரஹமத் பீவி காலை நிறுத்தாமலே, நன்றாக எடுத்துக்கொள், உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் காட்டு என்றாள். அவன் போனை இறக்கிவிட்டான்.

பக்கத்தில் மக்காச்சோளம் விற்கிற வேடியப்பன்தான் உசேனின் காதில் போட்டார். கெட்ட மனிதர் அல்ல. கடைவீதியில் நாலு பேர் ஒரு மாதிரி பேசுகிறார்கள், பொம்பளை ரோட்டைப் பார்த்துக் காலைத் தூக்குவது நன்றாகவா இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உசேன் மறுநாள் கடைக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டினார். உள்ளே இருட்டிவிட்டது. அம்மா, உங்கள் கால் எனக்குத் தெரியவில்லை என்றாள் ஆஷ்லின். ரஹமத் பீவி மாவு கிண்டும் கரண்டியாலேயே தார்ப்பாயை ஒதுக்கினாள்.

"வேடியப்பண்ணா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்தக் கால வெட்டிப்போட்டா அப்பவும் இந்த ஊரு வந்து பாக்கும். அய்யோ பாவம்னு சொல்லிப்போட்டுப் போகும். அதுக்கு இப்பவே பாத்துக்கட்டும்."

அடுப்புக்கு முன்னால் அவள் நிற்க முடியாது என்பதால் உசேன் நின்றார். முப்பது வருஷமாக மிளகாய் வாங்கிக்கொடுத்தவருக்கு அதை வேகவைக்கத் தெரியவில்லை. முதல் வாரம் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. நாற்காலியிலிருந்து ரஹமத் பீவி தீயைக் குறை, திருப்பு, இப்போது எடு என்று குரல் கொடுப்பாள். அவர் முகத்தில் வேர்வையும் மாவுமாக, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் செய்வார். வழக்கமாக வருகிறவர்கள் தின்று பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அவள் வேறு பக்கம் பார்ப்பாள்.

பங்குனி முடிவதற்குள் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. கட்டு மாற்றப் போனபோது டாக்டரே அளந்து பார்த்துத் தலையசைத்தார். கெண்டைச் சதை இறுகியது. ரஹமத் பீவிக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் அவள் சறுக்கினாள்.

சித்திரை பிறந்து, பிறகு கோடை விழாவும் வந்தது. மலர்க் கண்காட்சிக்கு வந்த வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கடைக்கு முன்னால் கூட்டம் அலைமோதியது. உசேனின் கை ஓடவில்லை. ஆட்கள் காத்திருந்து பார்த்து அடுத்த கடைக்குப் போனார்கள். அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ரஹமத் பீவியால் முடியவில்லை. எழுந்தாள். எண்ணெய் சிந்திய தரையில் பூட்ஸ் வழுக்கியது. அதைக் கழற்றி மூலையில் வைத்தாள். புருஷன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தாள். விழா முடிகிறவரை அவள் உட்காரவில்லை. ஆஷ்லின் கூப்பிட்டபோதெல்லாம் கூட்டம் அதிகம், பிறகு பார்க்கலாம் என்று வெட்டிவிட்டாள்.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் போனை எடுத்தாள். ஆஷ்லின் வழக்கம்போலக் கட்டைக் காட்டச் சொன்னாள். போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னாள். கட்டு நனைந்திருந்தது. இரண்டாவது விரல் வீங்கி, கத்தரிப்பிஞ்சுபோலக் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"அம்மா, இன்னைக்குப் பயிற்சி வேண்டாங்க. இப்பவே கிளம்பி வாங்க."

நாளைக்கு வருகிறேன் என்றாள் ரஹமத் பீவி. நாளைக்கு என்பது கிடையாது என்றாள் ஆஷ்லின். அவள் குரல் உயரவில்லை. "இதுவரைக்கும் நீங்க யாருக்கும் பயப்படல, எனக்குத் தெரியும். இதுக்குப் பயப்படுங்க."

ரஹமத் பீவி கோபத்தில் போனை அணைத்தாள். பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த நாற்றம் அவளுக்கே எட்டியது. இத்தனை நாள் எண்ணெய் வாசத்தில் அது தெரியாமல் இருந்திருக்கிறது. அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

எக்ஸ்ரேயில் இரண்டாவது விரலின் எலும்பு அரித்துப்போயிருந்தது. அந்த ஒரு விரலை எடுக்க வேண்டும், இப்போது எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு இது பழைய பாதை. விரலில் ஆரம்பிக்கும், அப்புறம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் அந்தப் போனில் வந்த வினை, காலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டவைத்தே விரலைப் பறித்துவிட்டார்கள் என்று டாக்டருக்கு எதிரிலேயே சொன்னாள். உசேனும் தரையைப் பார்த்தபடி, இனி அது வேண்டாம் ரஹமத்து என்றார். அறையின் ஓரத்தில் ஆஷ்லின் நின்றுகொண்டிருந்தாள். தனக்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரஹமத் பீவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டருங்க, எனக்கு நேராப் பதில் சொல்லுங்க. இந்த விரல் பயிற்சியிலயா போச்சு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இல்லை என்றார். பங்குனியில் தான் பார்த்தபோது புண் ஆறிக்கொண்டிருந்ததாகவும், அதற்குப் பிறகு பூட்ஸ் இல்லாமல் நின்றிருந்தால் மட்டுமே இப்படிக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்.

"நின்னேனுங்க. விழா பூராவும் நின்னேன்." அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "நான் நின்னது தப்புக்கா. ஆட்டுனது தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத. விரல எடுத்துக்கட்டும். இந்தப் புள்ளைய மட்டும் யாரும் ஒரு சொல்லு சொல்லாதீங்க."

கையெழுத்தையும் அவளே போட்டாள். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, போகிறது ஒரு விரல்தானே, கை விரலா போகிறது, பஜ்ஜிக்கு அது எதற்கு என்று தள்ளுகிற பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கதவு சாத்திய பிறகுதான் ரஹமத் பீவியின் கண் நிறைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் வார்டிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டாள். முதலில் வலது கால், கைகள். பிறகு மெல்ல இடது முழங்கால். ஆஷ்லின் அவ்வப்போது கட்டிலருகே வந்து நின்றாள். இனிமேல் தன்னிடம் மறைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நின்றால் நின்றேன் என்று சொல்ல வேண்டும். ரஹமத் பீவி தலையாட்டினாள். சண்டை போடலாமா என்று கேட்டாள். அது போடலாம் என்றாள் ஆஷ்லின்.

வீட்டுக்கு வந்தால் ஜமீலா கட்டிலைச் சமையலறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தாள், அழைத்தால் கேட்கும் தூரத்தில். இந்த முறை அவள் மறிக்கவில்லை, கத்தவில்லை. ரஹமத் பீவி கடைக்குக் கிளம்பிய காலையில் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைத் தாண்டிப் போக ரஹமத் பீவிக்கு மனம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னயத் திட்டிடு. பேசாம இருக்காத."

ஜமீலா திரும்பவில்லை. "அவரும் இப்படித்தான். நான் சொன்னா கேக்கவே மாட்டாரு. ஷெட்டுக்குப் போனாதான் உசுரு இருக்கற மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாரு. கடேசியில நான் செருப்ப ஒளிச்சு வெச்சேன். வெறுங்கால்ல போனாரு ரஹமத்து."

இந்தச் செருப்பு விஷயத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரஹமத் பீவி கை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்தாள். இன்றைக்கு ஒரு நாள் நீயும் கடைக்கு வா, வந்து என் பக்கத்தில் உட்கார், பார்த்துவிட்டுத் தப்பு என்று பட்டால் சொல், நான் கேட்கிறேனோ இல்லையோ சொல் என்றாள்.

ஜமீலா வந்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது, எதிரே ஏரியே தெரியவில்லை. கடைக்குள் இறுக்கமாக உட்கார்ந்து, போனுக்குள் இருக்கிற பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆஷ்லின் கட்டைப் பார்த்தாள், சர்க்கரையைக் கேட்டாள், நேற்று எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டாள். நிற்கவில்லை என்றாள் ரஹமத் பீவி. உசேன் அடுப்புக்கு முன்னாலிருந்து, குளிக்கும்போது பூட்ஸ் இல்லாமல் நின்றாள் என்று காட்டிக்கொடுத்தார். ஆஷ்லின் குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்குவதாக உசேன் ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. பாரம் இறங்காமல் இருக்க அந்தப் பெண் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதைப் பார்த்து ஜமீலாவின் முகம் மாறியது. காலை ஊன்றாதே என்றுதானே அவளும் தன் புருஷனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள்?

முழங்காலை நீட்டும்போது தொடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆஷ்லின் கேட்க, ஜமீலா பிடித்தாள். தன் கைக்குள் அந்தச் சதை இறுகித் தளர்வது அவளுக்குத் தெரிந்தது. அவள் புருஷனின் கால் கடைசியில் இப்படி இல்லை.

"ஏன் கண்ணு" என்று அவள் போனைப் பார்த்துக் கேட்டாள். "எங்க ஊட்டுக்காரருக்கு இத யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா, கால் தப்பிச்சிருக்குமா?"

ஆஷ்லின் போனுக்குக் கிட்டே வந்தாள்.

"எனக்குத் தெரியலைங்கம்மா. அவரப் பாக்காம நான் எதச் சொன்னாலும் பொய்யாப் போயிடும்."

ஜமீலா தலையை ஆட்டிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. அன்றைக்குப் பயிற்சி முடிகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் அவள் முழுக்க நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. தினமும் திட்டிக்கொண்டேதான் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆட்டோவில் வந்தாள். ஆனால் வந்தாள். பூட்ஸின் பட்டைகளைத் தன் கையாலேயே இறுக்கிவிட்டாள். ரஹமத் பீவி கரண்டியை எட்டிப் பார்த்தால் போதும், நாற்காலியின் கைப்பிடியில் தட்டுவாள். இருவருக்கும் வாய்ச்சண்டை வந்து வேடியப்பன் சமாதானம் செய்த நாட்களும் உண்டு.

தென்மேற்கு மழை வந்தது, போனது. விரல் எடுத்த இடம் முதலில் மூடியது. அடிப்பாதத்துக் குழி அதற்குப் பிறகும் வெகுநாள் வம்பு பண்ணியது. ஒரு வாரம் சுருங்கும், அடுத்த வாரம் அப்படியே நிற்கும். நடுவில் ரஹமத் பீவிக்கு வெறுத்துப்போய், இனிமேல் இந்தக் கால் எப்படியாவது போகட்டும் என்று போனைத் தூக்கி மாவுக்குள் போட்டதும் நடந்தது. ஜமீலாதான் அதைத் துடைத்து எடுத்து, திரும்ப டின்னில் சாய்த்து வைத்தாள். உசேனின் பஜ்ஜி மட்டும் யாருக்கும் சொல்லாமல் தேறிக்கொண்டு வந்தது.

கார்த்திகையில் டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, இனிக் கட்டு வேண்டாம் என்றார். தோல் மூடியிருந்தது. இளஞ்சிவப்பாக, புதுக் காகிதம்போல மெல்லிசாக. போன விரலின் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த செருப்பு ஒன்றை அளவெடுத்துக் கொடுத்தார்கள். தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, அடுப்புக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று ஏகப்பட்ட கட்டளைகள். பக்கத்து அறையில் ஆஷ்லின், இந்த ஏற்பாட்டில் உங்கள் முறை இத்தோடு முடிகிறது, அடுத்த ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றாள்.

"நீ முடிச்சுக்க கண்ணு" என்றாள் ரஹமத் பீவி. "நான் முடிக்கிறதா இல்ல."

திரும்பும்போது அடிவாரத்தில் பஸ் நிரம்பி வழிந்தது. புதுச் செருப்பையும் அவள் நடையையும் பார்த்த கண்டக்டர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு ஆளை எழுப்பிவிட்டு, உட்காருங்கம்மா என்றார். இடம் கொடுத்த ஆள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றபடி, கால் போயிடுச்சுங்களா என்று இரக்கத்தோடு கேட்டார்.

"போகலைங்க. ஒரு விரலக் குடுத்துப்போட்டுக் கால வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

பஸ் முதல் வளைவில் திரும்பியது, நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். ரஹமத் பீவி முன்சீட்டுக்கு அடியில் இடது காலை நீட்டிக்கொண்டாள். ஊர் பார்க்கட்டும் என்று பாதத்தை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, கணுக்காலைச் சுற்ற ஆரம்பித்தாள்.